வான் பிடித்து இலங்கையைச் சுற்றும் பயணம்: வழியில் கூட்டுக்கு வேறு குடும்பங்கள் கிடைக்க எந்த வழி நல்லது?

ஓகஸ்ட் லீவு நெருங்கினால் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு கதை கட்டாயம் வரும்: இந்த முறை வான் பிடித்து இலங்கையை ஒரு சுற்றுச் சுற்றி வருவோமா? பாதை பற்றிய கதை கெதியாக முடிந்துவிடும். ஏ9 வீதியால் இறங்கி வவுனியா, அங்கிருந்து திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், பிறகு மொனராகலைப் பக்கத்தால் கதிர்காமம், மேலே ஏறி நுவரெலியா, இறங்கிச் சிலாபம், மன்னார், சங்குப்பிட்டிப் பாலத்தால் வீடு. பத்துப் பன்னிரண்டு நாள். இழுபடுவது அடுத்த கேள்விதான். "தனிய எங்கட குடும்பம் மட்டும் போனால் பிள்ளையள் மூண்டாம் நாளே அலுத்துப்போவினம். ஆரையும் சேர்த்துக்கொண்டு போவமோ?"

இதற்கு எங்கள் பக்கத்தில் நாலு வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன. சொந்தக்காரர், அயலவர் என்று இரண்டு மூன்று வான்களில் ஒன்றாக வெளிக்கிடுவது முதலாவது. கோயில் யாத்திரை பஸ் ஒன்றில் குடும்பமாக இடம் பிடிப்பது இரண்டாவது. தனியாக வெளிக்கிட்டு, குடும்பங்கள் வந்து தங்கும் இடங்களாகப் பார்த்துத் தங்குவது மூன்றாவது. தனியாகவே போய், தெரிந்த குடும்பம் ஒன்றை நடுவழியில் சந்திக்க நாள் குறித்து வைப்பது நாலாவது. நான் மூன்றாவதின் பக்கம். அதோடு நாலாவதைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எதற்காகக் கூட்டுத் தேடுகிறோம் என்பதை முதலில் பார்க்கவேண்டும். பிள்ளைகளுக்கு விளையாட ஆள் வேண்டும் என்பதுதான் எல்லோரும் சொல்வது. அது உண்மை. ஒன்பது பத்து வயதுப் பிள்ளை தாய் தகப்பனின் முகத்தையே பத்து நாளும் பார்த்துக்கொண்டிருக்காது. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த மச்சான் மச்சாள் கூட இருந்தாலும், அவர்கள் தங்களுக்குள் இங்கிலீஷில் கதைக்கத் தொடங்கினால் எங்கள் பிள்ளை ஒதுங்கிவிடும். ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வளரும் பிள்ளை, மட்டக்களப்பில் இருக்கும் பிள்ளையையோ மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் பிள்ளையையோ கிண்ணியாவில் இருக்கும் பிள்ளையையோ நேரில் கண்டு கதைக்க வேறு சந்தர்ப்பம் எங்கே வருகிறது? பள்ளிக்கூடம், ரியூசன், கோயில், கலியாண வீடு எல்லாவற்றிலும் எங்கள் ஆட்கள்தான். அவ்வளவு காசு செலவழித்து, ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடி, திரும்பவும் எங்கள் ஆட்களோடு மட்டும் கதைத்துவிட்டு வருவது எனக்குப் பெரிய நட்டமாகத் தெரிகிறது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் நாலு வழிகளையும் பார்க்கிறேன்.

மூன்று வான் ஒன்றாகப் போவதில் உள்ள நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஒரு வானுக்குக் காற்றுப் போனால் மற்ற வானில் ஆட்களை ஏற்றலாம். இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக ஒருவர், மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஒருவர் என்று ஆள் இருக்கும். அப்பப்பா, அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதென்றால், அவர்களோடு வாயாடச் சம வயது ஆள் ஒருவர் இருப்பதே பாதி மருந்து.

ஆனால் தொடராகப் போகும் வான்களின் பயணம் முறிகண்டியிலேயே பிடிபட்டுவிடும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவது ஒரு குடும்பத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிட வேலை. மூன்று குடும்பம் இறங்கினால், ஒருவர் தேத்தண்ணி குடிக்கப் போவார், ஒருவர் கழுவப் போவார், ஒரு சின்னன் தொலைந்த செருப்பைத் தேடும். ஒரு மணித்தியாலம் போய்விடும். இப்படி ஒவ்வொரு தரிப்பிலும் நேரம் கரைந்து, பின்னேரம் நாலு மணிக்குச் சேரவேண்டிய இடத்துக்கு இரவு எட்டரைக்குப் போய்ச் சேருவீர்கள். சாப்பாட்டுக் கடையில் பதினெட்டுப் பேருக்கு இடம் தேடவேண்டும். எங்கே குளிப்பது, எங்கே தங்குவது, மரக்கறியா மச்சமா என்று எல்லாவற்றுக்கும் கூட்டம் கூடவேண்டும். நல்லூர்க் கொடியேறிய இருபத்தைந்து நாளும் மச்சம் தொடாத குடும்பமும், கடற்கரைக்கு வந்தால் நண்டும் கணவாயும் கேட்கும் குடும்பமும் ஒரே தொடரில் இருந்தால் அந்தக் கூட்டம் இன்னும் நீளும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குள்ள ஆட்சேபம் வேறு. மூன்று வான் ஆட்கள் ஒரு கெஸ்ட் ஹவுசில் இறங்கினால் அந்த இடமே அவர்களுடையதாகிவிடும். ஏற்கனவே அங்கே தங்கியிருக்கிற குடும்பம் ஒன்று இருந்தால், அது மெதுவாகத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். எங்கள் பிள்ளைகளுக்கும் வேறு கூட்டுத் தேடவேண்டிய தேவை இல்லை, கிரிக்கெட்டுக்கு ஆள் போதும். கடைசியில் ஊர் முழுக்கச் சுற்றி வந்தும் புதிதாக ஒரு வீட்டின் பெயர்கூடத் தெரியாது.

யாத்திரை பஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தலைக்கு இவ்வளவு என்று காசைக் கட்டினால், பாதை, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் ஒழுங்கு செய்பவரின் பொறுப்பு. சமைக்கிற ஆட்களும் கிடாரமும் கூடவே வரும். பத்துக் குடும்பத்தோடு ஒரே நாளில் பழக்கமாகிவிடலாம், வயது போனவர்களுக்கு இது மிகவும் நல்ல வழி. விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பிக் குளித்து அடுத்த கோயிலுக்கு வெளிக்கிடுவது சின்னப் பிள்ளைகளுக்குச் சரிவராது. பஸ்ஸில் வருகிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஊர், அயலூர்ச் சனம்தான்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன்.

முந்தி எங்கள் பாதைகளில் சனம் காத்து நின்றுதான் ஆகவேண்டும். கேரதீவிலிருந்து சங்குப்பிட்டிக்குப் பாதைப் படகு. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிற ஏ15 வீதியில் கிண்ணியா தொடங்கி வெருகல் வரைக்கும் துறைக்குத் துறை இறங்கி ஏறவேண்டும். படகு வரும்வரை வாகனங்கள் வரிசையில் நிற்க, சனம் இறங்கி மரத்துக்குக் கீழே நிற்கும். "எங்கையிருந்து வாறியள்?" என்று ஒருவர் தொடங்க, சாப்பாட்டுப் பொதி அவிழ்க்கும்போது பக்கத்துப் பிள்ளைக்கும் ஒரு வாய் போகும். இன்றைக்கு அந்த நிலைமை இல்லை. கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளத்தில் 2009 இல் திறந்தது. சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறந்தது. ஏ9 வீதியில் ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியில் பைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற காலமும் 2015 ஓடு போய்விட்டது, அது போனதில் எல்லோருக்கும் நிம்மதிதான். ஆனால் பாதை தானாக ஆட்களைச் சேர்த்து வைப்பதும் அதோடு நின்றுவிட்டது. இப்போது கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டால் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலை மட்டும் ஒருவரோடும் கதைக்காமல் போய்ச் சேரலாம். ஆகவே எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நாங்களாகத்தான் தெரிவுசெய்யவேண்டும்.

தங்குமிடத்தில் மூன்று விதம் உண்டு. அறைக்குள்ளேயே எல்லா வசதியும் உள்ள ஹோட்டல் ஒன்று. அங்கே மற்றக் குடும்பங்களைக் காலைச் சாப்பாட்டு மேசையில் மட்டும் காணலாம், சிரித்துவிட்டுப் போய்விடுவோம். பெரிய வளவு, விறாந்தை, பொதுக் குசினி உள்ள சின்னக் கெஸ்ட் ஹவுஸ் இரண்டாவது. கோயில், தேவாலய வளவுகளில் உள்ள மடங்களும் யாத்திரிகர் விடுதிகளும் மூன்றாவது. கூட்டுக் கிடைப்பது பின்னைய இரண்டிலும்தான். அதற்குக் காரணம் சாமான்கள். கிணறு ஒன்று, அடுப்பு இரண்டு, உடுப்புக் காயப்போடும் கொடி ஒன்று என்று இருக்கும் இடத்தில் ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் ஒரு வேலையும் நடக்காது.

நிலாவெளிப் பக்கம் அப்படி ஒரு இடத்தில் நாங்கள் தங்கியிருந்தபோது நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அடுப்பில் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மா ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் தேங்காய்ப்பூ வேண்டும். குசினியில் இருந்தது ஒரே ஒரு திருவலை, அதுவும் கால் ஆடுகிற திருவலை. "நீங்க முதல்ல துருவிக்கோங்க அக்கா, நமக்கு அவசரமில்ல" என்றார். "இருங்கோ தங்கச்சி, உங்களுக்கும் சேர்த்துத் திருவித் தாறன்" என்று நான் நாலு பாதியையும் எடுத்துக்கொண்டேன். திருவலை ஆடாமல் அவர் ஒரு காலால் மிதித்துப் பிடித்தார். அவ்வளவுதான் அறிமுகம். ராத்திரிச் சாப்பாடு இரண்டு குடும்பமும் விறாந்தையில் பாய் விரித்து ஒன்றாகச் சாப்பிட்டோம். அவர்களுடைய ரொட்டிக்கு எங்கள் கத்தரிக்காய்ப் பால்கறி, எங்கள் புட்டுக்கு அவர்களின் கட்டச் சம்பல். அவர்களுடைய மகள் கொழுந்து பறிக்கிற கதையை எங்கள் மகனுக்குக் கைவிரலால் காட்டிச் சொன்னாள்: இரண்டு இலை, ஒரு மொட்டு, அதற்குக் கீழே உள்ள முற்றிய இலையை எடுத்தால் தராசில் கழித்துவிடுவார்கள். பிறகு நுவரெலியாவுக்கு ஏறும்போது அவன் தேயிலைச் செடியைப் பார்த்த பார்வை வேறு. வானை நிற்பாட்டச் சொல்லி இறங்கி, கொழுந்தைத் தொடாமல் குனிந்து பார்த்தான்.

இப்படிக் கூட்டுக் கிடைக்க இரண்டு விதிகளை நாங்கள் விடாமல் பிடித்துக்கொள்கிறோம். ஒன்று, பின்னேரம் நாலு மணிக்கு முன் தங்குமிடத்துக்குப் போய்விடுவது. நாலிலிருந்து ஆறரை வரைதான் பிள்ளைகள் முற்றத்தில் நிற்பார்கள், பெரியவர்கள் தேத்தண்ணியோடு விறாந்தைக்கு வருவார்கள். இரவில் போய் இறங்கினால் மூடின கதவுகள்தான். இருட்டில் ஓடுவதும் நல்லதல்ல. ஹபரணைப் பக்கத்திலும் புத்தல–கதிர்காமம் வீதியிலும் யானை வந்து நிற்கும். இரண்டாவது விதி, கூட்டு வேண்டிய இடத்தில் இரண்டு இரவு தங்குவது. முதல் நாள் பின்னேரம் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். அடுத்த நாள் காலையில் பந்து உருண்டு போகும். பின்னேரம் பெயர் தெரியும். ஒரே இரவில் கிளம்பினால் பெயர் தெரிய வருகிற நேரத்தில் பையைக் கட்டிக்கொண்டு நிற்போம்.

திருகோணமலையும் பாசிக்குடாவும் இதற்கு ஏற்ற இடங்கள். ஓகஸ்டில் கிழக்குக் கடல் அமைதி, மழையும் இல்லை. பாசிக்குடாவில் கரையிலிருந்து நெடுந்தூரம் வரை இடுப்பளவு ஆழம்தான், ஆகவே சின்னப் பிள்ளைகளோடு வருகிற குடும்பங்கள் எல்லாம் அந்த ஒரே தண்ணீரில் நிற்கும். நிலாவெளியிலிருந்து புறாத் தீவுக்குப் போக இன்னொரு குடும்பத்தோடு பேசி ஒரே படகில் ஏறினால் காசும் பாதியாகும், அரை நாள் கூட்டும் கிடைக்கும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு. எந்தக் கிணற்றுத் தண்ணி கூடச் சுடுது என்று வாளியோடு ஓடித் திரிகிற பிள்ளைகள் அங்கே அரை மணித்தியாலத்தில் ஒன்றாகிவிடுவார்கள். டிசம்பர் லீவில் இதே பாதையால் போனால் கிழக்கில் மாரி மழை, கடல் கொந்தளிப்பு. சனம் வராது, வந்தவர்களும் அறைக்குள். டிசம்பர் லீவு மட்டும்தான் கிடைக்குமென்றால் கிழக்கை விட்டுத் தெற்கு, தென்மேற்குக் கரைப் பக்கம் போங்கள்.

மொழி பற்றிப் பலர் கேட்பார்கள். கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் குளிக்க இறங்கினால் பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் சிங்களக் குடும்பம்தான். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறார்கள், ஆனால் சோதனைத் தாளுக்கு வெளியே ஒரு வசனம் கதைத்தது கிடையாது. ஆற்றில் கதைப்பார்கள். "நம மொகத?" என்று பெயர் கேட்டு, பிறகு கையாலும் தண்ணீராலும் மிச்சக் கதை நடக்கும். நயினாதீவுக்கு வருகிற யாத்திரை வான்கள் குறிகட்டுவான் வீதியோரம் நிறுத்திச் சோறு சமைப்பதை நாங்கள் இங்கே ஜன்னலால் பார்த்துக்கொண்டு போயிருக்கிறோம். அவர்களுடைய ஊரில் நாங்கள் யாத்திரிகராக நிற்கும்போதுதான் அந்தச் சட்டியில் என்ன வேகுது என்று கேட்கிற துணிவு வருகிறது. கேட்டால் ஒரு கரண்டி எங்கள் தட்டிலும் விழும்.

வாடகை வானில் போவதென்றால் றைவர் தம்பியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தேத்தண்ணிக் கடையில் வானோட்டிகள் ஒருவரோடு ஒருவர் கதைப்பார்கள். எந்த மடத்தில் இப்போது குடும்பங்கள் நிற்கின்றன, எது பெடியன்கள் குடித்துக் கும்மாளம் போடுகிற இடம் என்பது அவர்களுக்குத் தெரியும். அவருக்கும் நல்ல சாப்பாடு, நல்ல படுக்கை கிடைக்கிற இடமாகப் பாருங்கள். தூங்காத றைவரோடு மலைப்பாதை ஏறக்கூடாது.

புதிதாகக் கண்டவர்களோடு பழகுவதில் எல்லை வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் பிள்ளைகளை அவர்களோடு தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போவதில்லை. கடலில் பிள்ளை நிற்கும்போது எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கரையில் நிற்பார். விளையாட்டு முற்றத்தில், அறைக்குள் இல்லை. இதைப் பிள்ளைகளுக்கு வெளிக்கிட முன்பே சொல்லிவிட்டால் இடையில் தனகல் வராது.

நாலாவது வழியை எங்களைவிட நன்றாகச் செய்கிறவர்கள், சொந்த வாகனத்தில் மாதக்கணக்காகக் கண்டம் கடந்து ஓடுகிற வெளிநாட்டுக் குடும்பங்கள். ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக இந்தியா வரை வந்தவர்கள் உண்டு. இலங்கைக்கு மட்டும் அந்த வாகனத்தை ஓட்டிக்கொண்டு வரமுடியாது. 2023 இல் தொடங்கிய நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் ஆட்களை மட்டும்தான் ஏற்றுகிறது. அப்படிப் போகிறவர்கள் முழுப் பாதையும் கூட்டமாகப் போவது அரிது. தங்கின இடங்களை ஐஓவர்லாண்டர் போன்ற செயலிகளில் குறித்து வைப்பார்கள், கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பி ஒரு முகாமில் சந்திப்பார்கள். பிள்ளைகள் ஒன்றாக விளையாட நாலைந்து நாள் நின்றுவிட்டுப் பிரிந்து, அடுத்த நாட்டில் திரும்பவும் சந்திப்பார்கள். இதை நாங்களும் செய்யலாம். மட்டக்களப்பில் கூடப் படித்த சினேகிதி, கண்டியில் அண்ணாவின் கூட்டாளி என்று ஆருக்கும் ஒருவர் இருப்பார். அவர்களைத் தங்கள் வீட்டில் தங்க வைக்கச் சொல்லாமல், "பதினோராம் திகதி பாசிக்குடாவுக்கு வாங்கோவன், ஒண்டாக நிப்பம்" என்று கேளுங்கள். வீட்டுக்குப் போனால் விருந்துக்காரர். பொது இடத்தில் சந்தித்தால் இரண்டு பக்கமும் சரிசமன், சமையல் பாரமும் ஒருவர் தலையில் விழாது. இதில் உள்ள ஒரே சிக்கல் திகதி. அந்த நாளைப் பிடிக்கவேண்டுமென்று முந்தின இடத்திலிருந்து அவசரமாகக் கிளம்பவேண்டி வரும். ஆகவே ஒரு பயணத்துக்கு ஒரு சந்திப்பு போதும்.

ஆருக்கு எது என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். கைக்குழந்தையோ நடக்கமாட்டாத வயதானவர்களோ இருந்தால் சொந்தக்காரரோடு போங்கள், ஆனால் இரண்டு வானுக்கு மேல் வேண்டாம், இரண்டுக்கும் தனித்தனித் தங்குமிடம் பிடித்தாலும் குறைவில்லை. அம்மா அப்பாவைக் கோயில்களுக்கு அனுப்புவது மட்டும் நோக்கம் என்றால் யாத்திரை பஸ். ஆறு வயதிலிருந்து பதினாலு வயது வரையான பிள்ளைகள் உள்ள குடும்பம் தயங்காமல் தனியாக வெளிக்கிடலாம். பதினாலுக்கு மேல் போன பிள்ளைகள் முற்றத்துக்கு இறங்கமாட்டார்கள், அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்த ஒரு கூட்டாளியின் குடும்பத்தை நடுவழியில் சந்திப்பதுதான் சரிவரும்.

ஓகஸ்டில் வெளிக்கிடுகிறவர்களுக்கு இன்னும் ஒரு யோசனை. சுற்றை மறுபக்கமாகத் தொடங்கி, மன்னார்ப் பக்கத்தால் இறங்கினால் ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவைப் பிடிக்கலாம். கத்தோலிக்கர் மட்டும் வருகிற இடமல்ல அது. சைவக் குடும்பங்களும் நேர்த்தி வைத்துப் போகும். நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் தமிழரும் சிங்களவரும் வந்து, காட்டு மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்துக் குடும்பம் குடும்பமாக நாட்கணக்கில் தங்குவார்கள். பக்கத்துக் கூடாரத்துக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு துணிதான். தங்குவதற்கு வீடு வேண்டுமென்றால் மாதக்கணக்குக்கு முன்பே கேட்டு வைக்கவேண்டும். கூடாரமென்றால் திருவிழாவுக்கு இரண்டு நாள் முந்தியே போனால்தான் நிழலுள்ள மரம் கிடைக்கும். தண்ணிக் கான், தறப்பாள், கயிறு, ரோச் லைற், சொந்தத் திருவலை எல்லாம் வீட்டிலிருந்தே ஏற்றுங்கள்.